கள்ளக்கடல் பார்த்த நான்கு நாள்

இன்று காலை கம்பைநல்லூர் டீக்கடை டிவியில், செய்திக்கு அடியில் ஓடிய வரியில் குமரிக் கடலோரத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை, திடீர்ப் பேரலை வரும் என்று போட்டார்கள். கடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நம் ஊருக்கும் கடலுக்கும் என்ன? எனக்கு மட்டும் உங்கள் மேல் எரிச்சல் வந்தது, சகலை. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பிறகும் வருகிறது.

உங்கள் மகளுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்து, சாமான்களை என் வண்டியில் கொண்டுபோய் இறக்கினோம். அன்றே திரும்பியிருக்கலாம். "கடல்ல ஒரு முழுக்குப் போடாம வூட்டுக்கு வரமாட்டனுங்க" என்றீர்கள். கரையில் சிவப்புக் கொடி. அலை, தடுப்புச் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. "நாளைக்கு அடங்கிரும்" என்றீர்கள், ஏதோ நம் ஏரி மதகைப் பற்றிப் பேசுவதுபோல.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, பாயும் தலையணையும் வெயிலில் கிடந்தன. என் தோட்டத்தில் தக்காளி பழுத்து உதிரும் என்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஓர் இலைகூட அசையவில்லை. "காத்தே இல்லியே, அலை எப்படிங்க வரும்?" என்று, வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் சண்டைக்குப் போவதுபோலக் கேட்டீர்கள். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "காத்து இங்க அடிக்காண்டாம். தெக்க எங்கயோ அடிச்சது, இப்பம் வருது. நாலஞ்சு சின்ன அலை வந்து சும்மா கெடக்கும். பொறவுதான் பெருசு வரும்."

நான்காம் நாள் கடல் சும்மாதான் கிடந்தது. கொடியை எடுக்கவில்லை. கரைப்பக்கம் போகாதீங்க என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன மகள் தெருமுனை திரும்பியதும் துண்டை எடுத்தீர்கள். கத்திக்கொண்டே பின்னால் வந்தேன். "ஒகேனக்கல்ல நீந்துனவனுங்க நான்" என்றீர்கள்.

முழங்கால் தண்ணீரில் ஒரு பாறையருகே நின்று சிரித்தீர்கள். உங்களை இழுத்துவர நானும் இறங்கினேன். அப்போதுதான் பெரியது வந்தது. தூக்கியது என்னைத்தான். காலடியில் மணல் போயிற்று, வாயெல்லாம் உப்பு. நீங்கள் ஒரு கையால் பாறையைக் கட்டிக்கொண்டு, மறு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தீர்கள். தண்ணீர் வடியும்வரை விடவில்லை. கரையில் வந்து விழுந்தபோது உங்கள் மணிக்கட்டு கோணிக் கிடந்தது.

கட்டுப் போட்ட கையோடு ஊர் திரும்பும்போது என்ன சொன்னீர்கள்? "பாறையில வழுக்கிருச்சுன்னு சொல்லிக்கலாம். கடலுக்குப் போகணும்னு அடம்புடிச்சது நீங்கன்னே இருக்கட்டும். நான்னு தெரிஞ்சா உங்க அண்ணி விடமாட்டா." உயிரைப் பிடித்து நிறுத்திய மனிதரிடம் எப்படி மறுப்பது? அதன்பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அண்ணி என்னைத் திட்டினார். பக்கத்து இலையில் நீங்கள் நிதானமாக ரசம் பிசைந்துகொண்டிருந்தீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்திலும் விடவில்லை. "அந்தக் கை கடைசிவரைக்கும் நேராவலீங்க தம்பி. எல்லாம் உங்களாலதான்."

"ஆமாங்க அண்ணி" என்றேன். "அலை என்னை இழுத்துட்டுப் போச்சு. என்னைப் புடிச்சதுலதான் அவரு கை உடைஞ்சுது. அவரு இல்லீன்னா நான் இல்லீங்க."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் மகள் வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள். "மொதல்ல தண்ணியில எறங்குனது அப்பாதானே, சித்தப்பா?"

"இல்லம்மா, நான்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சகலை.