மித்திரனுக்கும் வருணனுக்கும் எழுதிய இரட்டை அட்டைகள்

அன்பு வாயாடிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. உன்னிடம் ஒரு சம்மதம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் கலைக்களஞ்சிய அலுவலகம் இடம் மாறுகிறது. மாடி அறையை ஒழித்துக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நம் அலமாரி அப்படியே நிற்கிறதடி! ரிக்வேதத்தின் ஆயிரத்து இருபத்தெட்டுப் பாடலுக்கும் ஆளுக்குப் பாதியாக அட்டை எழுதி, தெய்வத்துக்கு ஓர் இழுப்பறை என்று அடுக்கினோமே, அதேதான். இந்திரனுடையது இன்றும் பிதுங்குகிறது. விஷ்ணுவுக்கு ஐந்தாறு அட்டை, ருத்திரனுக்கு மூன்றே மூன்று. "பாவம்டி, பின்னாடி இவங்கதான் பெரிய ஆளா வரப்போறாங்கன்னு அப்ப யாருக்குத் தெரியும்?" என்று நீ சிரித்தது காதிலேயே இருக்கிறது.

சிவன் என்று தனியாக ஒரு தெய்வம் அங்கே இல்லை, ருத்திரனுக்குப் பயந்தவர்கள் அவரைத் தாஜா பண்ண 'மங்கலமானவனே' என்று கூப்பிட்ட சொல்தான் பின்னாளில் பெயராயிற்று என்று நான் வாசித்துக் காட்டினேன். உன் வீட்டுக்காரர் கோபத்தில் இருந்தால் நீயும் அவரை அப்படித்தான் 'தங்கமே' என்று கூப்பிடுவதாகச் சொன்னாய். மேலாளர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அந்த மாதிரி நான் அப்புறம் சிரிக்கவே இல்லை.

கலைக்களஞ்சியத்தின் வேதத் தொகுதி வெளியானதும் ஒரு விமரிசகர், எந்தத் தெய்வத்துக்கு எத்தனை பாடல் என்று அதில் நாம் போட்டிருந்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தார். பாடல்கள் ஆயிரத்து இருபத்தெட்டைத் தாண்டுகின்றனவே, இந்த அம்மாக்கள் புதிதாக வேதம் எழுதுகிறார்களா என்று பத்திரிகையில் கிழித்துவிட்டார். மித்திரனையும் வருணனையும் சேர்த்துப் பாடிய பாடல்களுக்கு இரண்டு அட்டை எழுதி, இருவர் இழுப்பறையிலும் போட்டிருந்ததுதான் வினை. பதிப்பாசிரியர் யார் வேலை என்று கத்தினார். உன் கைத்தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்து நீ மன்னிப்புக் கேட்டாய். அடுத்த வாரம் உன் மேசை காலி. புத்தகத்திலிருந்து உன் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

நேற்று அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் என் கையெழுத்து. நேற்றுத்தான் தெரிந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். அன்றைக்கே தெரியும். ஒருவரிடம் போட்டால் இன்னொருவருக்குக் குறையாகிவிடுமே என்று நான்தான் இரண்டாவது அட்டையும் எழுதினேன். எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது, கைக்குழந்தை வேறு. பயந்துவிட்டேன். இந்தச் சாக்கெல்லாம் எனக்கே சகிக்கவில்லை.

தொகுதி மறுபதிப்பாகிறது. தப்பு என்னுடையது என்று முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு உன் அனுமதி தேவையில்லை, அது அச்சாகியே தீரும். ஆனால் உன் பெயரை மறுபடி போட உன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. உன் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. சம்மதிக்க மனசில்லை என்றால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டியாவது எழுது, வாயாடி. நீ திட்டினால் தாங்கிக்கொள்வேன். நீ சும்மா இருந்துவிட்டால்தான் என்னால் முடியாது.

பிள்ளைகள் பேரன் பேத்திகளோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பக்கத்து மேசைக்காரி