கரைக்குத் திருப்பிய படகு

விளாங்குடி,
மதுரை.

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தமானில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் மனசுக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மீனாட்சியிடம் கேட்டுக்கொள்கிறேன். என்ன இந்தக் காலத்தில் கடுதாசி என்று சிரிப்பாய். உன் தீவில் டவர் எப்போது கிடைக்கும் எப்போது போகும் என்று தெரியவில்லை, கிடைத்தாலும் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. நான் சொல்லவேண்டியது அறுந்து அறுந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை, நடுவில் அழுதாலும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பாஸ் ஆன சேதி சொல்லிப் போன் போட்ட அன்றைக்கு நான் கப்பலூரில் வேலையில் இருந்தேன். ரப்பர் குழாயில் பிசிறு நறுக்கிக்கொண்டு இருக்கும்போது போன் பக்கத்தில் இருக்கக்கூடாது, சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் எடுத்துப் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன். நீ லைசென்ஸ் கிடைச்சிருச்சும்மா என்று சொன்னதும் கையில் இருந்த தூக்குவாளியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணு, "லைசென்ஸ்தானே, எங்க வீட்டுக்காரர்கூட ஆர்.டி.ஓ. ஆபீசுல வாங்கியிருக்காரு, இதுக்கா அக்கா இம்புட்டு அழுகை" என்று கேட்டாள். அவளுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். இது சனங்களை ஏற்றிக்கொண்டு தீவுக்குத் தீவு போகிற சின்னப் படகைத் தன் பொறுப்பில் ஓட்டுகிற லைசென்ஸ், அதற்கு முதலில் நீச்சல் தெரியவேண்டும், கயிறு கட்டுகிற வேலையில் ஆரம்பித்துப் படகிலேயே கிடந்து கழித்த காலத்துக்கு முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், இன்ஜின் கழற்றி மாட்டத் தெரியவேண்டும், இருட்டில் எதிரே வருகிற படகின் சிவப்பு விளக்கு தெரிந்தால் எந்தப் பக்கம், பச்சை தெரிந்தால் எந்தப் பக்கம் என்று அதிகாரிகள் எதிரே உட்காரவைத்துக் கேட்பார்கள், எம்மக முதல் தடவை இந்தியில் பதில் சொல்லத் திணறித் தவறிப்போய், மறுபடி படித்துப் போய்ப் பாஸ் ஆனவள் என்று சொன்னேன். தங்கப்பொண்ணு சோற்றைப் பிசைந்தபடியே வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் கூடி நின்று வேடிக்கை பார்க்கிற ஊரில் பிறந்தவள் நீ. டிப்ளமோ முடித்து அந்தமானுக்கு விருந்தாகப் போன இடத்தில் மாமா வீட்டு வாசலில் படகைப் பார்த்து, எனக்கு இந்த வேலைதான் வேணும் என்று நின்றபோது உனக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கக்கூடத் தெரியாது. எனக்கு இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

இனி நான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன், பரீட்சை முடியட்டும் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரு கைலி கொடுத்தனுப்பினாயே பசுமலை டயானா டீச்சரிடம், அவர்கள் அதைக் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடவில்லை. விடுமுறைக்கு அந்தமானைச் சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் உன் பேச்சைக் கேட்டு, நீ எந்த ஊரும்மா என்று விசாரித்துப் பழக்கம் ஆனதைச் சொன்னார்கள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க மக ஒரு விசயம் வீட்டுல சொல்லாதீங்க டீச்சர், அம்மா பயந்துரும்னு சொல்லுச்சு. ஆனா எங்க சபையில நாங்க சத்தியம் பண்றதில்ல, நானும் பண்ணல, அதனால சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

டீச்சர் உன் படகில் ஏறிய அன்று, படகுக்குப் பொறுப்பான மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நீதான் சுக்கானைப் பிடித்திருந்தாயாம். படகு நிறைய வெளியூர்ச் சனம். பாதி வழிகூடப் போகவில்லை, மேற்கே வானம் கருத்துக் காற்று திசை மாறியதாம். நீ மாஸ்டரைப் பார்த்தாயாம், அவர், "உன் கையிலதான இருக்கு, நீயே சொல்லு" என்றாராம். நீ ஒரு நிமிசம் வானத்தையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திருப்புறேன் என்று சொல்லிக் கரையைப் பார்த்துத் திருப்பிவிட்டாய். சனங்கள் விடுவார்களா, அந்தத் தீவில் ரூம் போட்டிருக்கு, நாளைக்கு விமானத்தைப் பிடிக்கணும் என்று ஆளாளுக்குக் கத்தினார்களாம். முன் வரிசையில் இருந்த ஒருத்தர் எழுந்து நின்று, பொம்பளை கையில படகைக் குடுத்தா இப்படித்தான் என்றாராம். அதற்கு நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணே, உக்காந்துக்கங்க. கரையில எறங்கி நின்னு எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்று சொன்னாய் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு உன் குரல் அப்படியே காதில் விழுந்தது. அதே நேரத்தில் உங்களுக்குப் பின்னால் கிளம்பிய இன்னொரு படகு திரும்பாமல் நேரே போனதாம். நீ கரை சேர்ந்தாய், சொன்ன வாக்குப்படியே நின்று திட்டும் வாங்கினாய். கொஞ்ச நேரம் மழை அடித்தது, அப்புறம் வெளுத்துவிட்டது. போன படகு ஒரு சேதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது என்று படகுத்துறைக்குச் சேதி வந்ததும் முதலாளி எல்லார் முன்னாலும் உன்னைப் பிடித்துக்கொண்டாராம், ஒரு தூறலுக்குப் பயந்து என் பேரைக் கெடுத்துட்டியே, இனிமே நீ கயிறு மட்டும் பிடி என்று. போனில் கேட்கும்போதெல்லாம் இப்பக் கயிறு வேலைதான்மா என்று சாதாரணமாகச் சொன்னாயே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

டீச்சர் சனம் கலைந்த பிறகு உன்னிடம் வந்து, அந்தப் படகு நல்லபடியா போயிருச்சே, உனக்கு மனசு கஷ்டமா இல்லையா என்று கேட்டார்களாம். "போனது நல்லதுதான் டீச்சர், அதுல இருந்தவங்களும் மனுசங்கதானே. ஆனா நாளைக்கும் இதே மாதிரி கருத்துச்சுன்னா நான் திருப்பத்தான் செய்வேன்" என்றாயாமே. மீனா, புயல் அடித்து, அந்தப் படகுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன்னை எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, அதனால் உன் பக்கம் பேச ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்திலும் நீ அழாமல், மாற்றிப் பேசாமல் நின்றாய் என்பதுதான் எனக்குப் பெரிது. நானாக இருந்தால் அந்தக் கத்தலுக்குப் பயந்து நேரே விட்டிருப்பேன். அந்த மாஸ்டர் முதலாளியிடம் போய், முடிவு அவளோடது மட்டும் இல்ல, என்னோடதும்தான், கையெழுத்துப் போடலைன்னா எனக்கும் வேற ஆள் பாத்துக்கங்க என்று சொன்ன பிறகுதான் உனக்குக் கையெழுத்துக் கிடைத்தது என்று நீ இப்போது சொல்லித்தான் தெரியும். அவருக்கு என் கும்பிடைச் சொல்.

டீச்சர் பேசி முடிக்கிற வரைக்கும் அப்பா லோடு வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். உனக்குத்தான் தெரியுமே, தைக்குள் லைசென்ஸ் வாங்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிடவேண்டும், மாப்பிள்ளை பார்க்கவேண்டும் என்று கெடு வைத்தவர் அவர்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "திரும்பி வந்ததும் ஏறின சனம் அம்புட்டும் எறங்குச்சா?" டீச்சர் ஆமாம் என்றார்கள். "அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு டீச்சருக்குக் காப்பி வாங்க வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநகரில் இருந்து சோலையம்மாளும் அவர் மகன் முகேசும் வந்தார்கள், அப்பா உனக்குப் பேசிவைத்திருந்த இடம். தப்பான சனம் என்று சொல்லமாட்டேன். பையன் கப்பலூரில் சூப்பர்வைசர், அடக்கமாக இருந்தான். சோலையம்மாள் உன் போட்டோவைப் பார்த்துப் பிள்ளை லட்சணமா இருக்கு என்று சொல்லிவிட்டு, "கடல்ல போற அந்த வேலையை மட்டும் விட்டுட்டு வந்துரட்டும், வேற ஒண்ணும் நாங்க கேக்கல, எம்புள்ளைக்கு ராத்திரியெல்லாம் கெதக்குக் கெதக்குன்னு இருக்கக்கூடாதுல்ல" என்றார். பெற்ற தாய் அப்படித்தானே நினைப்பாள், நானும் அப்படிக் கிடந்தவள்தான். ஆனாலும் உன்னைக் கேட்காமல் நான் தலையாட்ட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார். "அது திருப்ப வேண்டிய நேரம் பாத்துத் திருப்பத் தெரிஞ்ச பிள்ளைம்மா. அதைப் போயி நான் திரும்பி வான்னு சொல்ல மாட்டேன். வேற இடம் பாருங்க, கோவிச்சுக்காதீங்க." பரீட்சைகூட அப்போது நீ எழுதவில்லை, பாஸ் ஆவாயா என்றும் தெரியாது. அவர்கள் கிளம்பிப்போனதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன், என்ன பாக்குற, சோத்தைப் போடு என்றார். அந்தப் பையன் மட்டும் செருப்பு மாட்டும்போது சுவரில் இருந்த உன் போட்டோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனான், சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிற இடத்தில் எல்லாம், எம்மக மாஸ்டராயிருச்சு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர்கள் எந்தப் பள்ளிக்கூடம் அண்ணே என்று கேட்கிறார்கள், இவர் கடல் பள்ளிக்கூடம் என்கிறார். நீ மட்டும் தலைக்கனம் வராமல் பார்த்துக்கொள். பயணிகள் கத்தினால் நீயும் கத்தாதே. மிதவைச் சட்டை முதலில் நீ போடு, பிறகு அவர்களைப் போடச் சொல். உப்புக்காற்றில் தலைமுடி கொட்டுகிறது என்றாயே, எண்ணெய் வைக்காமல் இருக்காதே, வெறும் வயிற்றோடு படகில் ஏறாதே. மாமாவுக்கும் அத்தைக்கும் எங்கள் அன்பைச் சொல்.

நீ நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், உன்னை நம்பி ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும், இதற்கு மேல் சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடுதாசி கிடைத்ததும் டவர் இருக்கிற இடமாகப் பார்த்து நின்று ஒரு வார்த்தை பேசிவிடு, மறந்துவிடாதே. உறையின் மேல் உன் பெயருக்கு முன்னால் மாஸ்டர் என்று இருப்பதைப் பார்த்திருப்பாய். அது என் கையெழுத்து இல்லை. விலாசம் எழுதி வைத்திருந்த உறையை என்னிடமிருந்து வாங்கி அப்பா அதை எழுதிவிட்டு, நான் இதை முடித்ததும் தபால் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போக வாசலில் நிற்கிறார்.

ஆசையுடன் உன் அம்மா,
சோ. அன்னக்கொடி