தினேஷ் அண்ணன் போட்ட சம்மதம்

ஓசூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள கௌதம் தம்பிக்கு,

வினோதா அண்ணி எழுதுகிறேன். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அதுதான் சரியாக இருக்கும். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? உங்கள் அம்மாவை மத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். உங்களுக்கு இன்னும் பெண் அமையாததற்கு நான்தான் காரணம் என்பது போலப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

உங்கள் தினேஷ் அண்ணனுக்குப் பட்டறையில் ஆசிட் தெறித்துக் கண் போய் இரண்டு வருடமாகிறது. இனி பார்வை வராது என்று டாக்டர் சொன்ன அன்றும் அவர் அழவில்லை, நானும் அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட்டோம். இப்போது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை வைத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். ஜூஜுவாடி கங்கப்பன் தன் கம்பெனி ஆட்களுக்கு ஷிப்ட் போடும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கக் கொடுத்திருக்கிறார். அண்ணன் ஷிப்ட் முறையைச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாகப் போட்டீர்களே, அந்த மென்பொருளில்தான்.

அதில் சேமிக்கிற பொத்தானுக்கும் அழிக்கிற பொத்தானுக்கும் குரல் பெயர் சொல்வதில்லை. எதைத் தொட்டாலும் வெறும் 'பொத்தான்' என்கிறது. போன மாதம் தவறாக அழுத்தி ஒரு வார ஷிப்ட் முழுவதும் அழிந்துபோனது, ராத்திரி மெஷினுக்கு ஆளே வரவில்லை. கங்கப்பன் பொறுமையான மனுஷர். 'இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாக்கணும்மா' என்று என்னிடம்தான் சொன்னார்.

இதைப் பிழை என்று, அந்த மென்பொருளைத் திருத்துகிற உங்கள் குழுவுக்கு அண்ணன் எழுதியிருந்தார். அவரும் அதில் ஒருவர்தானே. ஒரே கோளாறுக்கு ஒருவர் 'அவசரம்', இன்னொருவர் 'முக்கியம்' என்று குறிச்சொல் போட்டுக் குழப்புவதால், எல்லோரும் ஒரே மாதிரி போட நீங்கள் ஒரு பட்டியல் எழுதி, குழுவில் எல்லோருக்கும் சம்மதம் கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் குரல் சம்பந்தப்பட்டது எல்லாம் அதில் 'கூடுதல் வசதி' என்று இருக்கிறது. பிழைகள் தீர்ந்த பிறகுதான் கூடுதல் வசதியைக் கையில் எடுப்பீர்களாம். பிழை என்றைக்குத் தீர்ந்தது தம்பி?

ஒருவர் மறுத்தால்கூட மறுபடி பேசித்தான் முடிவெடுப்பது உங்கள் வழக்கம். அண்ணன் மறுக்கவில்லை. 'சம்மதம்' என்று போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். 'எனக்கோசரம் எல்லாத்தையும் நிறுத்துவாங்களா வினோதா, உடு' என்றார்.

வேலை போனால் போகட்டும், வேறு வழி பார்த்துக்கொள்வேன். என் பயம் வேறு. அந்த மென்பொருளில் ஷிப்டுக்கு 'இரவு' என்று பெயர் போடுவதா 'ராத்திரி' என்று போடுவதா என்று உங்களோடு போன் சூடாகும்வரை சண்டை போட்ட மனிதர் இவர். போன வாரம் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். 'நல்லா இருக்குது' என்று சாப்பிட்டு எழுந்துவிட்டார். நான் அந்தக் குழம்பைக் கீழே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியல் முடிவாகிறதாம். அதற்குள் அவருக்குப் போன் செய்யுங்கள். பரிதாபப்பட்டு நீங்களே மாற்றிவிடாதீர்கள், அதற்கும் சம்மதம் என்றுதான் சொல்வார். பழையபடி வம்புக்கு இழுங்கள். பொத்தான் பெயர் சொல்லாதது ஒரு பிழையே இல்லை என்று அடித்துப் பேசுங்கள். கோபம் வருகிற மாதிரி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முடியாது என்று ஒரே ஒரு தடவை அவர் உங்களிடம் கத்தட்டும். நீங்கள் நன்றாக இருப்பீர்கள் தம்பி.

உங்கள் அண்ணி,
வினோதா