ஏரி பார்த்த வீடு

அப்பாவுக்கு,

முன்னால் ‘அன்புள்ள’ என்று போட வேண்டும் என்று தெரியும். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். கடைசியில் மிச்சம் இருந்தால் போடுகிறேன்.

போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். அதோடு, மாட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து உங்களுக்குச் சிக்னல் போய்விடும். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். வேலைக்குப் போய், நூறு அடி உயரத்தில் நீங்கள் ஓட்டும் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்த பிறகு பிரியுங்கள். அங்கிருந்து பாதியில் எழுந்து ஓட முடியாது.

முதலில் வீட்டு நலம். குடிவந்து நாலு மாதம் ஆகிறது. சமையலறைக் குழாய் மூன்று தடவை தும்மிவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா பாடுவதைக் கேட்ட பிறகு தாழ்ப்பாளின் அருமை தெரிந்தது. மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் ஒரு விரல் உயரம் அதிகம். வருகிறவர்கள் எல்லாரும் அங்கே குப்புற ஒரு கும்பிடு போட்டுத்தான் மேலே வருகிறார்கள். இதெல்லாம் குறை இல்லை, அப்பா. இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் கோபமெல்லாம் பின்பக்க ஜன்னல் மேல்.

பழைய வாடகை வீட்டில் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டுக் கழிவறைச் சுவரைப் பார்த்தது. பதினாறு வருஷமாக அதைப் பார்த்தே வெங்காயம் நறுக்கினாள். சொந்த வீடு என்று பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஜன்னலத் திறந்தா தண்ணி தெரியணுங்க. வேற எதுவும் வேணாம்.” நீங்கள் ஒரு போட்டோ அனுப்பினீர்கள். பச்சை ஜன்னல் கம்பி, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், கரையில் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும் ஒரு விளக்குக் கம்பம். நேரில் பார்க்க லீவு கிடைக்கவில்லை, தரகர் அனுப்பிய போட்டோவை நம்பியே வீட்டை முடித்துவிட்டேன் என்றீர்கள்.

சாமான் இறக்கிய அன்று அம்மா ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நேராகப் போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். பச்சைக் கம்பி சரியாக இருந்தது. புது பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அதற்கு அப்பால் மாட்டுத் தீவனக் கிடங்கின் சுவர். அதில் ‘இங்கே விளம்பரம் செய்யாதீர்’ என்று ஒரு ஆள் உயரத்துக்கு விளம்பரம். அம்மா அசையாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து உங்கள் போன். நான் கத்தத் தயாராக வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏரி ரொம்ப நல்லா இருக்குங்க, காத்து பிச்சுக்கிட்டு வருது” என்றாள். நீங்கள் “ஓஹோ” என்றீர்கள்.

ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: “ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா உங்கப்பா ஒடஞ்சு போயிடுவாருடி. தனியா கெடக்குற மனுஷன். நீ வாயத் திறந்த, தோல உரிச்சுடுவேன்.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏரிச் செய்திகள். இன்று தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இரண்டு வெள்ளைப் பறவை வந்தது, அதில் ஒன்றுக்கு நொண்டல். எந்தப் பறவை, அப்பா? கிடங்கிலிருந்து வருவதெல்லாம் பெருச்சாளிதான். ஒருநாள் குளியலறைக் கதவில் கரியால் ‘ஏரிக்கு வழி’ என்று எழுதி அம்புக்குறி போட்டேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதை ஈரத்துணியால் துடைத்தாள், தேவைக்கு மேல் ரொம்ப நேரம் துடைத்தாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அந்தத் தரகர் எந்த ஏரியைக் காட்டி உங்களை ஏமாற்றினார் என்று கண்டுபிடிப்பது என்று.

பள்ளிக்கூடம் விட்டதும் போட்டோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவேன். இந்தச் சுற்றுவட்டாரம் இப்போது எனக்கு அத்துப்படி. வரைபடம் போட்டு நானே பெயரும் வைத்திருக்கிறேன். வாய்க்கால் ஓரமாகப் போகும் குண்டும் குழியுமான பாதைக்கு முதுகெலும்புச் சாலை. மூன்று நாய்கள் பங்காளிச் சண்டை போடும் திருப்பத்துக்குக் குரை வளைவு. சோளக்காட்டுக்கு நடுவே கூரை போன ஒரு பம்ப்செட் அறை இருக்கிறது. அதற்குள் தேன்கூடு. கல் எறிந்து பார்க்கலாம் என்று தோன்றியது, எறிந்தும் பார்த்தேன். அந்தக் கதையை என் மூக்கு ஒரு வாரம் எல்லாருக்கும் சொன்னது. ஓடையில் இறங்கினால் முழங்கால் வரை வண்டல், ஒரு செருப்பை அதற்குக் காணிக்கையாகக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஊர் நல்ல ஊர். உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் அதையும் வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

போன வாரம், வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அந்தச் சாய்ந்த கம்பம் கிடைத்தது. பக்கத்தில் பச்சை ஜன்னல் வைத்த வீடு. மாட்டு டாக்டர் வீடு. டாக்டர் இல்லை, அவர் மனைவி வாத்துகளை விரட்டிக்கொண்டிருந்தார். போட்டோவை நீட்டினேன்.

“அட, நம்ம ஜன்னல்! போன வருஷம் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரே. வண்டி பஞ்சர்னு தண்ணி கேட்டு வந்தாரு. குடிச்ச டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சு, அது தலைல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷத்துல ஒரு டம்ளர் கழுவினதில்ல, அதான் நல்லா ஞாபகம் இருக்கு.”

டம்ளரைக் கவிழ்த்து அதன் தலையில் இரண்டு தட்டு தட்டும் ஆளை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

டாக்டர் மனைவி நிறுத்தவில்லை. “ஜன்னலுக்கு என்ன பச்சைன்னு கேட்டு, பெயிண்ட் டப்பா நம்பர எழுதிக்கிட்டாரு. இந்த வீடு விலைக்கு வருமான்னும் கேட்டாரு. நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல, பாவம்.”

அன்று குரை வளைவில் நாய்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டன.

ஆக, எந்தத் தரகரும் உங்களை ஏமாற்றவில்லை. நீங்களே வந்தீர்கள், நீங்களே கிடங்குச் சுவரைப் பார்த்தீர்கள், அடுத்தவர் வீட்டு ஏரியைப் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். நம்மால் முடிந்தது இந்த வீடுதான் என்று சொல்லியிருந்தால் அம்மா என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள்? அதைக்கூட விடுகிறேன். ஏரி இல்லை என்று தெரிந்துகொண்டே தினமும் அம்மா சொல்லும் ஏரிக்கு “ஓஹோ” போட்டீர்களே, அந்த ஓஹோவை நினைத்தால் வயிறு எரிகிறது. வீட்டில் ஏரிதான் இல்லை, எரிச்சலாவது இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்தேன். குடிவந்த பிறகு இரண்டு தடவை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு லீவு ரத்தாகிவிட்டது என்றீர்களே. உங்கள் ஆபீசுக்கு அம்மா குரலில் போன் போட்டு, இவருக்கு ஏன் இரண்டு தடவை லீவை ரத்து செய்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அந்தக் குமாஸ்தா பதறிவிட்டார். “அவரு லீவே கேக்கலையேம்மா. நாங்கதான் ஊருக்குப் போயிட்டு வாங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கோம்.”

இப்போது புரிகிறது. அம்மா பக்கத்தில் நின்று அந்தச் சுவரைப் பார்க்க உங்களுக்குத் தைரியம் இல்லை.

குறும்புக்கு ஒரு விதி இருக்கிறது, அப்பா. செய்த ஆள் ஓடக்கூடாது. சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்ட அன்று நான் ஓடினேனா? நீங்கள் காப்பியைத் துப்பும் வரை எதிரிலேயே நின்றேன். பிறகு உதையும் வாங்கினேன். உங்களை மாதிரி கிரேன் மேல் ஏறி ஒளிந்துகொள்ளவில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு அழுகின தக்காளிக்காகக் கடைக்காரரை ஒரு வாரம் திட்டுகிறவள், இந்த நாலு மாதத்தில் அந்தத் தரகரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த ஏரிக்கும் நான் அவளை அழைத்துப் போகவில்லை. அது உங்கள் வேலை. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இப்போது பாதி சேறுதான். அம்மா போனில் சொல்கிற ஏரி இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. ஆனால் வெள்ளைப் பறவைகள் நிஜமாகவே இருக்கின்றன. நொண்டுகிறதா என்று பார்த்தேன். இல்லை.

அம்மா பின்பக்க ஜன்னல் முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறாள். சாயங்காலம் ஒன்றில் அவள் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உங்களோடு பேசுகிறாள். இன்னொன்றில் யாரையும் உட்கார விடுவதில்லை. பூனை ஏறினாலும் விரட்டுகிறாள். நேற்று அந்தக் காலி நாற்காலியின் பின்கால் திருகாணியை நான் பாதி கழற்றி வைத்துவிட்டேன். உட்காருகிறவர் நிச்சயம் மல்லாக்க விழுவார்.

இறங்கி வந்து விழுங்கள், அப்பா. நான் ஓட மாட்டேன். பக்கத்திலேயே நிற்கிறேன், கை கொடுத்துத் தூக்கிவிட.

இப்போதைக்கு ஆடாமல் இருக்கும்
உங்கள் வாலு

பின்குறிப்பு: மேலே ‘அப்பாவுக்கு’ என்பதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வந்ததும் எழுதித் தருகிறேன்.