ஒரே பத்திரிகையில் இரண்டு மணப்பெண்கள்

என் பவுனக்காவுக்கு, உன் வாயாடித் தங்கச்சி எழுதிக்கொள்வது. எங்கே இருக்கிறாயோ, முதலில் உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு கேட்டால் துள்ளிக் குதிப்பாய். உனக்கு முழங்கால் ஆகாது.

ஜெயித்துவிட்டோம் அக்கா! செவ்வாய்க்கிழமை காலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாலு, நாலு, ஒண்ணு என்கிற அந்தப் பாழாய்ப்போன கணக்கு செத்தது. மூணு, மூணு, மூணு! அண்ணனுக்கு மூன்று ஏக்கர், உனக்கு மூன்று ஏக்கர், எனக்கு மூன்று ஏக்கர். கோர்ட்டு வாசலில் நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் கிளாசைக் கீழே போட்டுவிட்டார். உன் மகள் கவிதா, "சித்தி, மெதுவா, மெதுவா" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் ஏன் மெதுவாகப் பேச வேண்டும்?

நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் வருஷ திதிக்கு வருகிற சனத்துக்கெல்லாம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டப் போகிறாளாம் கவிதா. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் நான் எதையாவது கூட்டிச் சொன்னால் கண்டுகொள்ளாதே.

எண்பத்தொன்பது தை மாதம். நம் இருவருக்கும் ஒரே பந்தலில், ஒரே நாளில் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்தார். ஒரே பத்திரிகை. மேலே உன் பெயரும் நரிக்குடி மாப்பிள்ளை பெயரும், கீழே என் பெயரும் மல்லாங்கிணறு மாப்பிள்ளை பெயரும். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது என் மாப்பிள்ளையின் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் நல்லது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு அன்றைக்கே தாலி ஏறியது, எனக்கு அடுத்த வருஷம்தான். நான் புதுச்சேலையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, உன் பந்திக்கு அப்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன அழுகை அழுதேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதானே மூக்கைத் துடைத்துவிட்டாய்.

இரண்டே மாதத்தில், அந்தப் பங்குனியிலிருந்து, பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று நம் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. டெல்லி அப்படிச் சொல்வதற்குப் பதினாறு வருஷம் முந்தியே நம் ஊர் சொல்லிவிட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் முடிந்து போன பெண்களுக்கு இது கிடையாது.

நமக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் போன பிறகு, திருச்சுழி ரோட்டு ஒன்பது ஏக்கரைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் பத்திரம் எழுதுகிறவர் விரலை மடக்கிச் சொன்னார். அப்பா, அண்ணன், நான், மூன்று பேருக்கும் மூன்று மூன்று ஏக்கர். அப்பாவுடைய மூன்றை மட்டும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும். ஆக அண்ணனுக்கு நாலு, எனக்கு நாலு, உனக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிற தென்கோடி மூலை.

"அவளுக்குச் சீரு செஞ்சு அனுப்பியாச்சுல்ல. சட்டமும் அப்படித்தான் சொல்லுது, நான் என்ன செய்ய?" என்றார் அண்ணன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாயே அக்கா. "அந்தக் கெழவன் செத்து ஒனக்கு மூணு ஏக்கரு கூடக் குடுத்துட்டுப் போயிருக்கான்டி. வருசா வருசம் அவனுக்கு மறக்காமப் படையல் வையி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போதுதான் நீ மெதுவாகக் கேட்டாய்: "அப்ப கெணத்துல எனக்குப் பங்கு இல்லையாண்ணே?"

அந்த ஒன்பது ஏக்கருக்குள் இருக்கிற கிணற்றில்தான் நாம் இரண்டு பேரும் நீச்சல் படித்தோம். அதைத் தூர்வாரின வருஷம் அப்பாவுக்குச் சரிசமமாக நின்று மண் சுமந்தவள் நீ. அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் இருந்தார். நான் பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்தும் போடவில்லை. வழக்குப் போட்டபோது நீ முதல் வாதி, நான் இரண்டாம் வாதி.

வீட்டில் உன் கொழுந்தன்மாரும் என் நாத்தனாரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஜெயித்தால் எனக்கு ஒரு ஏக்கர் குறையும், தோற்றால் அது எனக்கே நிற்கும், இப்படி ஒரு வழக்கை யாராவது போடுவார்களா என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "எங்க தாத்தா சம்பாரிச்சுக் குடுத்த ஏக்கருடி அது, பாத்துச் செலவு பண்ணு" என்று சொல்லிவிட்டு விதைக்கடையைத் திறக்கப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

வக்கீலம்மா நமக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? நீ பாதியில் தூங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். நாட்டுக்கென்று சில விஷயங்கள், மாநிலத்துக்கென்று சில விஷயங்கள், இரண்டு பேரும் கை வைக்கலாம் என்று பொதுவாகச் சில விஷயங்கள், இப்படி மூன்று பட்டியல் இருக்கிறது. சொத்து, வாரிசு, பாகப்பிரிவினை எல்லாம் பொதுப் பட்டியலில். "பங்குக் கெணறு மாதிரின்னு வச்சுக்கங்க. ரெண்டு வீட்டுக்காரவுகளும் மோட்டார் போடலாம். ஒரே நாள்ல ரெண்டு பேரும் போட்டாத்தான் பஞ்சாயத்து" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பங்குக் கிணற்றுச் சண்டை பார்க்காதவர்கள் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்?

"அப்ப டெல்லிக்காரவுகதான் ஜெயிப்பாக?" என்று கேட்டேன்.

"எப்பவும் அப்படி நெனைச்சுராதீக. மாநிலத்துக்குன்னு இருக்கிற விசயத்துல டெல்லி வந்து நிக்க முடியாது. பொதுவுல கூட, சண்டை நெசமாவே இருக்கான்னுதான் கோர்ட்டு முதல்ல பாக்கும். ரெண்டு சட்டத்தையும் ஒண்ணா அனுசரிக்க முடிஞ்சா ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுரும்."

யோசித்துப் பார் அக்கா. என் விஷயத்தில் சண்டையே இல்லை. நம் ஊர்ச் சட்டமும் எனக்கு உண்டு என்கிறது, டெல்லியின் இரண்டாயிரத்து ஐந்து சட்டமும் எனக்கு உண்டு என்கிறது. அதே இரண்டு சட்டம் உன்னிடம் வந்ததும் முட்டிக்கொள்கிறது. ஒன்று உனக்கு இல்லை என்கிறது, இன்னொன்று மகனுக்கு உள்ளதெல்லாம் மகளுக்கும் உண்டு என்கிறது, கல்யாணத் தேதியைக் கேட்கவே இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தியிடம் மட்டும் மாநிலமும் நாடும் மல்லுக்கு நிற்கின்றன. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

நீ போன ஐப்பசியில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். தீர்ப்பைக் கேட்காமல் போக உனக்கு என்ன அவ்வளவு அவசரம்? உன் இடத்தில் கவிதா வாரிசாகச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ பார்த்திருக்க வேண்டியது.

உன் கல்யாணம் சட்டத்துக்கு முந்தியது என்று நிரூபிக்க அண்ணன் எதைக் கொண்டுவந்து தாக்கல் செய்தார் தெரியுமா? நம் பத்திரிகையை! ஓரமெல்லாம் மஞ்சள் தடவின அதே பத்திரிகை. மதினி இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அதில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் வீட்டில் பத்திரிகையைப் பிரித்தால் நாளும் மண்டபமும் பார்ப்பார்களே தவிர, பெண் பெயரை யார் படித்தார்கள்?

வக்கீலம்மா விடுவாரா? அண்ணனைக் கூண்டில் வைத்துக் கேட்டார்.

"இந்தப் பத்திரிகை நீங்க தாக்கல் பண்ணுனதுதானே?"

"ஆமாங்க."

"இதுல எத்தனை மணப்பொண்ணு?"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ரெண்டுங்க."

"ரெண்டு பேருக்குமே அன்னைக்குத்தான் கல்யாணமா?"

"இல்லீங்க, எளையவளுக்கு நடக்கலீங்க. மாப்பிள்ளையோட தாத்தா மூணு நாளைக்கு முந்தி தவறிட்டாருங்க. வருசம் திரும்பட்டும்னு பெரியவுக சொல்லிட்டாக."

"அவரு தவறாம இருந்திருந்தா?"

கோர்ட்டு முழுக்க அண்ணனையே பார்க்கிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எளையவளுக்கும் இந்தப் பங்கு கெடைச்சிருக்காதுங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி ஐயா தலையைக் குனிந்து எழுதினார், ஆனால் அவர் உதடும் கொஞ்சம் கோணியதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. பத்திரிகையில் மேலே இருக்கும் உன் பெயரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுடைய வக்கீலும் லேசுப்பட்டவர் இல்லை. மாநிலச் சட்டத்துக்கு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டிருக்கிறார், அப்படிச் சம்மதம் வாங்கிய சட்டம் நாட்டின் சட்டத்தோடு முரண்பட்டாலும் தமிழ்நாட்டுக்குள் அதுதான் நிற்கும், அரசியல் சாசனமே அப்படிச் சொல்கிறது என்று பிடித்தார். அவர் சொன்னது நிஜம்தான்! அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வக்கீலம்மா எழுந்து, அதே பிரிவில் அதற்கு அடுத்து வரும் வரியைப் படித்தார். ஜனாதிபதி சம்மதித்த மாநிலச் சட்டம் நிற்கும், சரி. ஆனால் அதே விஷயத்தில் நாடாளுமன்றம் பின்னால் வேறொரு சட்டம் கொண்டுவருவதை அது தடுக்காது. மாநிலச் சட்டம் எப்போது வந்தது? எண்பத்தொன்பதில். நாடாளுமன்றம் திரும்ப எப்போது பேசியது? இரண்டாயிரத்து ஐந்தில். இரண்டையும் ஒருசேர அனுசரிக்க முடியாத இடத்தில் பின்னால் வந்த நாட்டுச் சட்டம்தான் நிற்கும். அவ்வளவுதான் அக்கா. அந்த ஒரு வரிதான் உன் மூன்று ஏக்கர்.

செவ்வாய்க்கிழமை நீதிபதி ஐயா தீர்ப்பைப் படித்தார். மாநிலச் சட்டத்தைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது வந்த காலத்தில் பெரிய காரியம் செய்தது என்றார். பிறகு உன் வரிக்கு வந்தார். முதல் வாதி, திருமணமான தேதி எதுவானாலும், மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவர்.

பிறப்பால்! கேட்டாயா அக்கா? இத்தனை வருஷமாக எல்லோரும் உன் கல்யாணத் தேதியையே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவர் நீ பிறந்ததைப் பேசினார். நீ பிறந்த அன்றைக்கே, இன்னும் பெயர் கூட வைக்காமல் தொட்டிலில் கிடந்தபோதே, அந்தக் கரிசல் உனக்கும் சொந்தம். மண் சுமந்தது உன் கிணற்றுக்குத்தான். கவிதா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். நான் அழவில்லை. சரி, அழுதேன்.

வெளியே வந்ததும் அண்ணன், "மதுரை ஐகோர்ட்டுக்கு அப்பீலு போவேன்" என்று சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனார். என் சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. இன்னும் எத்தனை வருஷம்? எனக்கும் வயது அறுபதை நெருங்குகிறது.

நேற்று காலையில் கடையில் நான் மட்டும் இருந்தேன். அண்ணன் வந்தார். புரட்டாசி மழைக்கு முந்தி மக்காச்சோள விதை வாங்க வருஷா வருஷம் நம் கடைக்குத்தான் வருவார், வழக்கு நடக்கும்போதும் வந்தார், பேச மாட்டார், அவ்வளவுதான். பையை நீட்டினார்.

"எப்பவும் போல ஒன்பது ஏக்கருக்காண்ணே?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணு ஏக்கருக்குப் போடு."

விதையை எடுத்துக் கொடுத்தேன். படி இறங்கினவர் நின்று, "மூணாப் பிரிச்சு நானே கயிறு கட்டி வைக்கிறேன். கோர்ட்டு கமிசனரு வந்து அளக்க வேணாம். நம்ம வழக்கப்படி கடைக்குட்டி மொதல்ல எடுத்துக்க, அப்புறம் கவிதா, கடைசியா நான்" என்றார். அப்புறம், "அந்தப் பத்திரிகைய கோர்ட்டுல கேட்டு வாங்கணும். அதுல அவ பேரு இருக்கு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் உன் அண்ணன்தானே அக்கா.

முதல் எடுப்பு என்னுடையது. உனக்குச் சத்தியம் செய்கிறேன்: நான் அந்தத் தென்கோடிக் கருவேலங்காட்டு மூலையை எடுத்துக்கொள்வேன். உனக்கு ஒரு ஏக்கராகக் கொடுக்கப் பார்த்தார்களே, அதே மூலையை. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், அடித்துக்கொள்ளட்டும், அவர் தாத்தா கணக்கில் சேர்த்துவிடுகிறேன். அடுத்த எடுப்பு கவிதாவுக்கு. கிணறு அவள் முன்னால் இருக்கும்.

உன்னோடு ஒரே பத்திரிகையில் அச்சான,
உன் தங்கச்சி ராஜாத்தி,
இரண்டாம் வாதி