கேட் பாஸ்

ஜூன் 3, 1987. புதன்
வெயில் கொளுத்துகிறது. குழாயில் தண்ணீர் அரை மணி நேரம்தான். திங்கள் முதல் மகள் சித்ராவுக்குப் பள்ளிக்கூடம். யூனிஃபார்ம், சிலேட், பை வாங்கியாயிற்று. செருப்பு பாக்கி.

இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே கேள்வி. "கேட்டைப் பூட்டிட்டா எப்பிடிப்பா வெளிய வர்றது?" ஃபேக்டரி மாதிரிதான், நேரமானா விட்டுருவாங்க என்றேன். "உங்கிட்ட பாஸ் கீது." ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்தவள். என் மதுரைப் பேச்சு ஒரு சொல்கூட ஒட்டவில்லை. "ஆமா, பாஸ் இல்லாட்டி உள்ளயே கெடக்க வேண்டியதுதான்" என்று சும்மா சீண்டினேன். சிரிக்கவில்லை.

ஜூன் 4. வியாழன்
பாஸ் காணோம். சட்டைப் பை, டிபன் பை, அலமாரி. இல்லை. ஃபேக்டரி கேட்டில் உள்ளே விடவில்லை. ஆறு வருஷமாக தினமும் வணக்கம் சொல்கிற காவலாள்! "இன்னா பண்றது அண்ணாத்தே, ரூலு அப்டி கீது."

நாளைக்குள் கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுக்கவேண்டும். ராணுவ ஃபேக்டரி, விசாரணை வரும். யார் கையில் கிடைத்ததோ. சட்டையோடு ஊறப்போட்டாயா என்று மனைவி செல்வியிடம் கத்தினேன். அவளும் திருப்பிக் கத்தினாள். சித்ரா கதவோரம் நின்று பார்த்தாள்.

ஜூன் 5. வெள்ளி
கிடைத்தது. விடியற்காலை, செல்வி கண்ணில்தான் பட்டது. சித்ராவின் புதுப் பையில், அடியில், கைக்குட்டையில் சுற்றி.

முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. "உன்னை அங்க எல்லாருக்கும் தெரியும். என்னை ஸ்கூல்ல யாருக்குமே தெரியாதுப்பா."

அடித்திருக்கக் கூடாது. ஷிஃப்ட் முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 7. ஞாயிறு
செருப்பு வாங்கியாயிற்று. அட்டை வெட்டி அவளுக்கு ஒரு பாஸ். பெயர், வயது ஐந்து, ஒன்றாம் வகுப்பு. போட்டோவுக்குப் பதில் முகத்தை அவளே வரைந்தாள். "சைன் போடு." இங்க் பேனாவால் போட்டேன். "சீலு?" மருந்து பாட்டில் மூடியை மையில் தொட்டு ஒரு வட்டம்.

ஜூன் 8. திங்கள்
செல்விதான் கொண்டுபோய் விட்டாள். எனக்கு வேலை ஓடவில்லை. சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்தேன். வீட்டு வாசற்படியில் சித்ரா உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல." இடது கையால் எழுதினதற்கு டீச்சர் திட்டினார்களாம்.

வலது கையை அப்போதுதான் விரித்தாள். அட்டை வியர்வையில் நைந்து கூழ். என் கையெழுத்து அவள் உள்ளங்கையில்.

சாப்பிடக் கை கழுவ மாட்டேன் என்கிறாள். நாளைக்கும் வேணுமாம்.