ஜிம்மி மண் தின்ற சேதி

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மகன் ஆனந்தனுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் உன் பெண்சாதி சசிகலாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், அந்த வெயிலில் உன் உடம்பு கெடாமல் இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறோம். தினமும் போனில் பேசுகிறவர் எதற்காகக் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசினால் எல்லோர் காதிலும் விழும், இந்தச் சேதியை உனக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். கண்ணமங்கலத்து ரமேஷ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் புளியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படும்படி இப்போது ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ வளர்த்த நாய் ஜிம்மியின் போக்கு கொஞ்ச நாளாகவே சரியில்லை. சோறு வைத்தால் பாதியில் விட்டுவிட்டுப் போய்க் கல்லைக் கடிக்கும், விறகைக் கடிக்கும், என் செருப்பு வாரைத் தின்றுவிட்டது, நம் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகிற பிரியாணி கவரை அப்படியே விழுங்கும். பின்பக்க மண்சுவரிலும் ஓரிடம் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாகிவிட்டது. உன்னைக் காணாத ஏக்கம் என்றாள் உன் அம்மா. பக்கத்து வீட்டுக் கோபால் தடியோடு வந்து நின்றான். “அண்ணா, கல்லையும் கட்டையையும் கடிக்குதுன்னா இது வெறிதான், இன்னா யோசிக்கிற, புள்ளைங்க நடமாடுற எடம், அடிச்சிப் போட்டுடலாம்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, வெறி பிடித்த நாய் அப்படிச் செய்யும் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஜிம்மி தண்ணீர் குடித்தது, கூப்பிட்டால் வாலாட்டி வந்தது, போன வருடம் முகாமில் வெறிக்கான ஊசியும் போட்டிருந்தோம். நான் இப்படியும் அப்படியும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சசிகலா மாசமான வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நாய்க்கு முன்னால் நின்று, “வாணாம் மாமா, அத்த அடிக்க வாணாம்” என்று அழுதாள். ஒரு நாய்க்காக இந்தப் பெண் இவ்வளவு அழுகிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது. கோபாலிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, நாயின் வாயைத் துணியால் கட்டி, ஆட்டோ பேசி ஒடுகத்தூர் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே சிவசங்கரி என்று ஒரு டாக்டரம்மா. சோதித்துப் பார்த்து இது வெறி இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார், சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்திருந்தது. காதுக்குள் உண்ணி, குடலில் புழு, இரண்டும் சேர்ந்து ரத்தத்தை உறிஞ்சியிருக்கின்றன. சோறு இருக்கும்போது கல்லையும் கவரையும் இந்த ஜீவன்கள் ஏன் தின்கின்றன என்று கேட்டேன். பல காரணம் உண்டாம். குட்டியாக இருந்தால் பல் முளைக்கிற தினவு, கட்டியே வைத்திருந்தால் பொழுதுபோகாமல் கடிப்பது, கறி வாசனை ஒட்டிய கவரைக் கறி என்றே விழுங்குவது, தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த பூனைக்குட்டி போர்வையைச் சப்பிச் சப்பித் தின்றுவிடுமாம். “இதுக்கு ரத்தம் கொறஞ்சிபோச்சுங்க பெரியவரே. கொறஞ்சா நாக்கு மண்ணத் தேடும். மனுசங்களுக்கும் அப்டித்தாங்க, நாம சேட்டைன்னு திட்டிட்டு இருப்போம்” என்றார். ஊசி போட்டு, புழுவுக்கு மருந்தும் ரத்தத்துக்கு டானிக்கும் கொடுத்தார்.

மலை ஏறி வரும்போது அந்தப் பேச்சே காதில் இருந்தது. சசிகலா எந்நேரமும் அரிசியை மென்றுகொண்டே இருப்பாள், உன் அம்மா மசக்கை என்று சிரிப்பாள், ஆறு மாதம் ஆன பிறகும் மசக்கையா என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள், அதையும் பிள்ளைத்தாய்ச்சி என்றுதான் விட்டோம். வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை நாயைப் பற்றிய சேதியாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “மாமா, செவுத்த அது நோண்டல. நாந்தான் நோண்டித் துன்னேன்” என்றாள். மழையில் சுவர் நனைந்தால் வருகிற வாசனைக்குக் கை தானாகப் போய்விடுகிறதாம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, பழி நாய்மேல் விழுந்தபோதும் பேசாமல் இருந்துவிட்டாள், தடியைப் பார்த்ததும்தான் தாங்க முடியவில்லை. நர்ஸம்மா கொடுத்த இரும்பு மாத்திரையும் வாந்தி வருகிறது என்று விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள். உன் அம்மா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, “ஆனந்தன் வயித்துல இருந்தப்ப எனுக்கு அடுப்பு சாம்பல் இல்லாம முடியாதுடி. இத்தப் போயி மறச்சிக்கினு இருந்தியே” என்றாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது, இப்படியே பிரசவம் வரைக்கும் போயிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் ஊசி வழியாகவே இரும்புச் சத்து ஏற்றுகிறார்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியுமாக உன் அம்மா விடாமல் ஊட்டுகிறாள், கோபால் வெட்கப்பட்டுக்கொண்டே நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வெளுத்திருந்த அவள் கண் இமைக்குள் சிவப்பு திரும்பியிருக்கிறது. ஜிம்மியும் இப்போது சோற்றை மிச்சம் வைப்பதில்லை. சுவரை நான் இன்னும் பூசவில்லை, இப்போது பூசினால் அவளைக் குத்திக்காட்டுவது போல் இருக்கும், பிரசவம் ஆகட்டும்.

நாய் கடித்துவிடும் என்ற பயத்தில் அதற்கு இன்னா ஆச்சு என்று ஊரே கேட்டது. இவளை யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போனில் சாப்பிட்டியா என்று கேட்டு, அவள் ம் என்றதும் வேறு பேச்சுக்குப் போய்விடாதே. என்ன சாப்பிட்டாள் என்று கேள், பதில் வரும்வரை பொறு. இதைப் பற்றி அவளே சொன்னால் சிரிக்காதே. பிரசவ மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, மறக்காதே. நீயும் அங்கே உடம்புக்கு ஏதாவது என்றால் எங்களிடம் மறைக்காதே. தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சசிகலா காபி கொண்டுவந்தாள். காகிதத்தைக் கையால் மறைத்தேன், அவள் பார்த்துவிட்டாள். “செவுத்து மண்ணையும் எழுதிட்டீங்களா மாமா?” என்றாள். ஆமாம் என்றேன். காபியைக் காகிதத்துக்கு எட்ட வைத்தாள். பிறகு, “செரி, இப்பத் துன்றதில்லன்னும் எழுதிடுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
கருப்பன்